சைக்கிள் பந்தயமும் ஊக்கமருந்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழில்முறை சைக்கிள் பந்தயத்தில் ஊக்கமருந்து என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அமெரிக்க வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் பெயர். அந்த ஒரு பெயரோடு பேச்சு முடிந்துவிடுவதுதான் வருத்தம். ஒரு மனிதர் ஏமாற்றினார், மாட்டிக்கொண்டார், பட்டங்கள் பறிபோயின என்று கதையைச் சுருக்கிவிட்டால், அத்தனை ஆண்டுகள் அவரை உயரத்தில் தாங்கிப் பிடித்தது எது, கடைசியில் உண்மையை வெளியே கொண்டுவந்தவர்கள் யார் என்ற இரண்டு கேள்விகளும் கேட்கப்படாமலே போய்விடுகின்றன. இந்த விளையாட்டின் பெரிய வீழ்ச்சிகளில் பெரும்பாலானவற்றைத் தொடங்கிவைத்தது பரிசோதனைக் கூடம் அல்ல. சுங்கச் சோதனையும், காவல்துறை விசாரணையும், எல்லாவற்றுக்கும் மேலாக வாய் திறந்து பேசிய சில மனிதர்களும்தான். கீழேயுள்ள பதில்களை அந்தக் கோணத்தில்தான் எழுதியிருக்கிறேன்.

ஊக்கமருந்து என்று எதையெல்லாம் சொல்கிறார்கள்?

உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான வாடா ஆண்டுதோறும் ஒரு தடைப் பட்டியலை வெளியிடுகிறது. ஒரு பொருளோ முறையோ ஆட்டத்திறனைக் கூட்டக்கூடியது, உடல்நலத்துக்குக் கேடானது, விளையாட்டின் நெறிக்கு எதிரானது என்ற மூன்றில் இரண்டுக்குப் பொருந்தினால் அதைப் பட்டியலில் சேர்க்கலாம். சைக்கிள் பந்தய வரலாற்றில் அதிகம் அடிபடுபவை ஆம்ஃபெட்டமின், கார்ட்டிகோஸ்டீராய்டு, டெஸ்டோஸ்டிரோன், வளர்ச்சி ஹார்மோன், இ.பி.ஓ. எனப்படும் எரித்ரோபொயட்டின் ஆகியவை. மருந்து எதுவும் இல்லாமல் தன் ரத்தத்தையே எடுத்துவைத்துப் பிறகு ஏற்றிக்கொள்வதும் தடைசெய்யப்பட்டதுதான். சோதனைக்குச் சிறுநீர், ரத்த மாதிரி கொடுக்க மறுப்பது, மாதிரியில் கைவைப்பது, மருந்து கடத்துவது ஆகியவையும் தனித்தனிக் குற்றங்கள்.

ஒரு காலத்தில் இந்தப் பந்தயம் தூய்மையாக இருந்ததா?

இல்லை. நாளுக்கு ஒரு கட்டமாகப் பல நாள் நடக்கும் பிரான்சின் பெரும் பந்தயமான டூர் டி பிரான்ஸ், சுருக்கமாக டூர், 1903-இல் தொடங்கியது. 1924-இல், முந்தைய ஆண்டின் வெற்றியாளரான ஆன்றி பெலிசியே, தம்பி பிரான்சிசுடனும் இன்னொரு வீரருடனும் பந்தயத்திலிருந்து பாதியில் விலகினார். அவர்கள் குத்தான்ஸ் ஊரில் பத்திரிகையாளர் ஆல்பர் லோந்தரிடம் தங்கள் பைகளைத் திறந்து காட்டினார்கள். கண்ணுக்குக் கோகெய்ன், ஈறுக்குக் குளோரோஃபார்ம், கூடவே பெட்டி பெட்டியாக மாத்திரைகள். அந்த ஆண்டின் பந்தய தூரம் 5,400 கிலோமீட்டருக்கும் மேல். மனித உடல் தாங்காத தூரத்தை ஓடச் சொல்லிவிட்டு, எப்படி ஓடினாய் என்று கேட்காமல் இருந்த காலம் அது. அன்று மருந்தைத் தடுக்கும் விதியும் கிடையாது.

விதி வந்தபோது வீரர்களே அதை எதிர்த்தார்கள். பிரான்ஸ் 1965-இல் ஊக்கமருந்துத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு டூரின்போது போர்தோவில் முதல் பரிசோதனை நடந்தது. மறுநாள் வீரர்கள் பாதையில் சைக்கிளைவிட்டு இறங்கி நடந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதற்கும் அடுத்த ஆண்டு, 1967 ஜூலை 13 அன்று, பிரிட்டனின் டாம் சிம்ப்சன் கடும் வெயிலில் மோன் வான்டூ மலையில் உச்சிக்குச் சற்றுக் கீழே சாய்ந்து விழுந்தார். 1965-இல் உலகச் சாம்பியனாக இருந்தவர். தூக்கிவிட்டதும் மீண்டும் ஏறி ஓட்டினார், மறுபடி விழுந்தார், பிழைக்கவில்லை. வயது 29. உடலில் ஆம்ஃபெட்டமினும் மதுவும் இருந்தன. சோர்வு என்பது உடல் கொடுக்கும் எச்சரிக்கை. அந்த மருந்து செய்வது எச்சரிக்கையை மறைப்பது மட்டுமே, வெப்பத்தையும் நீரிழப்பையும் அது குறைப்பதில்லை.

இ.பி.ஓ. வந்தபின் என்ன மாறியது?

எரித்ரோபொயட்டின் என்பது சிறுநீரகம் இயல்பாகச் சுரக்கும் ஹார்மோன். எலும்பு மஜ்ஜையைச் சிவப்பணுக்கள் செய்யத் தூண்டுவது அதன் வேலை. சிறுநீரகம் பழுதானவர்களின் ரத்தசோகைக்காக அதை ஆய்வகத்தில் உருவாக்கி 1980-களின் இறுதியில் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். நோயாளிகளுக்கு அது பெரும் வரம். மலையேற்றப் பந்தயத்தில் தசைக்குப் போய்ச்சேரும் ஆக்சிஜன்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதால், அந்த ஊசி விரைவிலேயே வீரர்களின் கைக்கும் வந்துவிட்டது.

ஆம்ஃபெட்டமின் களைப்பை மறைக்கும். இ.பி.ஓ. உடலின் கொள்ளளவையே உயர்த்திவிடும். பழைய மருந்துகளை எடுத்தவரைத் திறமையுள்ள ஒருவர் மருந்தில்லாமலே முந்துவதற்கு வாய்ப்பு இருந்தது. இ.பி.ஓ. அந்த வாய்ப்பை ஏறக்குறைய இல்லாமலாக்கியது. அதனால் 1990-களில் ஓட்டத்துக்கு வந்த இளைஞர்கள் பலருக்கும் முன்னால் இருந்தவை இரண்டு வழிகள்தாம்: ஊசி போட்டுக்கொள்வது, அல்லது கடைசி வரிசையில் ஓடி ஒப்பந்தத்தை இழப்பது. மூன்றாவதாக அணி நிர்வாகிகளும் மருத்துவர்களும் சேர்ந்து ஒரு வழி காட்டியிருக்க வேண்டும். அவர்களில் பலர் ஊசியைத்தான் காட்டினார்கள்.

சிவப்பணு கூடினால் ரத்தம் தடிக்கும், உறையும் ஆபத்து ஏறும். இ.பி.ஓ.வைக் கண்டறியும் முறை அப்போது இல்லாததால், சர்வதேச சைக்கிள் சங்கமான யு.சி.ஐ. 1997-இல் ஓர் எல்லை வைத்தது. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹீமட்டோகிரிட் அளவு 50 விழுக்காட்டைத் தாண்டினால், உடல்நலம் கருதி அந்த வீரர் சிறிது காலம் ஓட்டக் கூடாது. நடைமுறையில் அந்த எல்லையே இலக்காகிவிட்டது. 49 வரை ஏற்றிக்கொள்ள அனுமதி கிடைத்ததுபோல அணிகள் நடந்துகொண்டன. அளவு கூடிவிட்டால் உப்புநீர் ஏற்றிக் குறைத்துக்கொள்ளவும் கற்றுக்கொண்டன.

1998-இல் நடந்த ஃபெஸ்டினா விவகாரம் என்ன?

1998 ஜூலை 8 காலை, பெல்ஜியத்திலிருந்து பிரான்சுக்குள் நுழையும் ஒரு சிறிய சாலையில் சுங்க அதிகாரிகள் ஒரு காரை நிறுத்தினார்கள். ஓட்டியவர் ஃபெஸ்டினா அணியின் மசாஜ் பணியாளர் வில்லி வோட். நெடுஞ்சாலையை விட்டுச் சிறு சாலையில் வந்ததே மாட்டாமல் இருப்பதற்காகத்தான். காரில் இ.பி.ஓ., வளர்ச்சி ஹார்மோன், டெஸ்டோஸ்டிரோன், ஆம்ஃபெட்டமின் என்று நூற்றுக்கணக்கான குப்பிகளும் மாத்திரைகளும் இருந்தன. மூன்று நாள் கழித்து டூர் டப்ளினில் தொடங்கியது. அணி எதுவும் தெரியாது என்றது. பிறகு அணி இயக்குநர் புருனோ ரூசெல், வீரர்களுக்கு மருத்துவர் மேற்பார்வையில் மருந்து கொடுப்பது அணியின் ஏற்பாடுதான் என்று ஒப்புக்கொண்டார். அணி வெளியேற்றப்பட்டது. மற்ற அணிகளின் விடுதிகளிலும் காவல்துறை சோதனை நடத்தியது. வீரர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள், சில அணிகள் பந்தயத்தைவிட்டே போயின. புறப்பட்ட 189 பேரில் பாரிஸ் வந்து சேர்ந்தவர்கள் 96 பேர்.

இந்தக் கதையில் நான் திரும்பத் திரும்ப நினைப்பது ஒன்று. அந்த ஃபெஸ்டினா வீரர்களில் ஒருவர்கூட அந்த டூரின் பரிசோதனையில் சிக்கவில்லை. கார் வேறு சாலையில் போயிருந்தால் அந்த ஆண்டுப் பந்தயம் தூய்மையானது என்றே பதிவாகியிருக்கும். அணியின் நட்சத்திரமான ரிஷார் விராங்க், கண்ணீர் மல்க மறுத்துவிட்டு, 2000 அக்டோபரில் லீல் நகர நீதிமன்றத்தில்தான் உண்மையைச் சொன்னார். விவகாரம் வெடித்த மறு ஆண்டில் வாடா உருவானதற்கு இதுவே முக்கியமான தூண்டுதல்.

ஆம்ஸ்ட்ராங் நூற்றுக்கணக்கான பரிசோதனைகளில் தேறியது எப்படி?

பல வழிகளில். இ.பி.ஓ.வுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை 2000-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அவர் முதல் பட்டம் வென்ற 1999-இல் அதைக் கண்டறிய யாராலும் முடியாது. பரிசோதனை வந்தபின், சிறிய அளவை இரவில் நரம்புவழி ஏற்றினால் காலைக்குள் தடயம் கரைந்துவிடும் என்று அணியினர் கண்டுகொண்டார்கள். பரிசோதகர்கள் நள்ளிரவில் கதவைத் தட்டுவதில்லை. அடுத்ததாக ரத்தப் பைகள். பந்தயத்துக்குச் சில வாரங்கள் முன்பே ரத்தத்தை எடுத்துக் குளிரில் வைத்து, டூரின் நடுவே ஏற்றிக்கொண்டார்கள். ஏறுவது அவரவர் சொந்த ரத்தம் என்பதால் அதை நேரடியாகக் காட்டும் சோதனை கிடையாது. 2004-இல் மலைச் சாலையோரம் அணிப் பேருந்தை நிறுத்தி, வண்டி பழுதானதுபோல் காட்டிக்கொண்டு, உள்ளே ரத்தம் ஏற்றினார்கள் என்று அணியில் இருந்தவர்கள் பிற்காலத்தில் சாட்சி சொன்னார்கள்.

இன்னொரு வழி நிர்வாகத்தின் தயவு. 1999 டூரில் அவருடைய மாதிரியில் கார்ட்டிகோஸ்டீராய்டு இருந்தது. இருக்கைப் புண்ணுக்குப் பூசிய களிம்பு என்று சொல்லி, பழைய தேதியிட்ட மருந்துச் சீட்டு ஒன்று பின்னர் தயாரிக்கப்பட்டது. யு.சி.ஐ. அதை ஏற்றுக்கொண்டது. 2000-களில் அவர் அந்தச் சங்கத்துக்கு மொத்தம் 1,25,000 டாலர் நன்கொடையும் அளித்தார். சங்கம் நியமித்த சுயேச்சை விசாரணைக் குழு 2015-இல் வெளியிட்ட அறிக்கை, லஞ்சத்துக்கு ஆதாரம் இல்லை என்றது. ஆனால் அவருக்குத் தனிச் சலுகை காட்டப்பட்டதைத் தெளிவாகப் பதிவு செய்தது. விதியைக் காக்க வேண்டியவர் போட்டியாளரிடம் பணம் வாங்கிக்கொள்வது லஞ்சமா இல்லையா என்ற வாதத்துக்கு முன்பாகவே தவறானது என்பது என் கருத்து.

அவர் மீது மக்கள் ஏன் அவ்வளவு நம்பிக்கை வைத்தார்கள்?

1996 அக்டோபரில் அவருக்கு விரைப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அது நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தது. மூன்றே ஆண்டுகளில் டூரை வென்றார். 2005 வரை தொடர்ந்து மொத்தம் ஏழு முறை. ஃபெஸ்டினாவின் அவமானத்திலிருந்து மீள வழி தேடிய விளையாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான நாயகன் கிடைத்திருக்க மாட்டார். அவருடைய அறக்கட்டளையின் மஞ்சள் கைப்பட்டை 2004-இல் வந்தது, கோடிக்கணக்கானோர் அணிந்தார்கள். மருத்துவமனைப் படுக்கையில் இருந்தவர்களுக்கு அது உண்மையான தெம்பைக் கொடுத்தது. அவரைச் சந்தேகிப்பது நோயாளிகளின் நம்பிக்கையைக் குலைப்பதாகவே பார்க்கப்பட்டது. அந்தக் கவசத்தின் பின்னால் விளம்பர நிறுவனங்களும், ஒளிபரப்பாளர்களும், பந்தய அமைப்பாளர்களும், நிர்வாகிகளும் வசதியாக நின்றுகொண்டார்கள்.

உண்மையைச் சொன்னவர்களுக்கு என்ன ஆனது?

நாயகனின் வீழ்ச்சியைப் பற்றி எழுதுபவர்கள் அதிகம். அவர் விழும்வரை மிதிபட்டவர்களைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. ஆகவே இந்தப் பதில் சற்று நீளும்.

கிறிஸ்டோஃப் பாசோன் ஃபெஸ்டினா அணியில் இருந்தவர். அணியில் மருந்தைத் தொடாதவர் அவர்தான் என்று சக வீரர்களே காவல்துறையிடம் சொன்னார்கள். 1999 டூரில் வேறு அணிக்காக ஓடியபடி ஒரு பிரெஞ்சு நாளிதழில் பத்தி எழுதிவந்தார். வேகம் குறையவில்லையே, என்ன மாறியது என்று அதில் கேட்டார். சக வீரர்கள் அவரோடு பேசுவதை நிறுத்தினார்கள். ஆல்ப் தூயஸ் மலை நோக்கிய ஓட்டத்தில், முதலிடத்தில் உள்ளவர் அணியும் மஞ்சள் ஜெர்சியில் இருந்த ஆம்ஸ்ட்ராங் பக்கத்தில் வந்து, நீ பேசுவது சைக்கிளுக்குக் கெடுதல், வீட்டுக்குப் போ என்ற பொருளில் சொன்னார். சில நாளில் பாசோன் பந்தயத்தைவிட்டு விலகினார். 2001-இல் தொழிலையே விட்டார்.

எம்மா ஓ'ரெய்லி ஆம்ஸ்ட்ராங்கின் அணியில் மசாஜ் பணியாளராக இருந்த அயர்லாந்துப் பெண். ஊசித் தழும்பை மறைக்க ஆம்ஸ்ட்ராங் பூச்சு கேட்டதையும், தான் எல்லை தாண்டி மாத்திரை எடுத்துவந்ததையும், பழைய தேதியிட்ட சீட்டைப் பற்றிய பேச்சைத் தன் காதால் கேட்டதையும் பத்திரிகையாளர் டேவிட் வால்ஷிடம் சொன்னார். பதிலுக்கு அவர் மீது வழக்கு வந்தது. அவருடைய நடத்தையைப் பற்றி அசிங்கமான பேச்சுகள் பரப்பப்பட்டன. இத்தனைக்கும் அவர் கேட்டதையும் செய்ததையும் தவிர வேறு எதையும் சொல்லவில்லை.

சக வீரர் பிராங்கி ஆன்ட்ரூவின் மனைவி பெட்சி, 1996-இல் இண்டியானாபொலிஸ் மருத்துவமனை அறையில், தான் எடுத்த மருந்துகளின் பெயர்களை ஆம்ஸ்ட்ராங் மருத்துவர்களிடம் சொல்வதைக் கேட்டதாகச் சத்தியப் பிரமாணம் செய்து சாட்சி சொன்னார். பொறாமை பிடித்தவர், மனம் பிறழ்ந்தவர் என்ற பட்டங்களே அவருக்குக் கிடைத்தன. மூன்று முறை டூரை வென்ற கிரெக் லெமான்ட், சர்ச்சைக்குரிய மருத்துவர் மிக்கேலே ஃபெர்ராரியோடு ஆம்ஸ்ட்ராங்குக்கு இருந்த தொடர்பை 2001-இல் கேள்வி கேட்டார். மன்னிப்பு அறிக்கை விடும் நிலைக்குத் தள்ளப்பட்டார். அவர் பெயரில் வந்துகொண்டிருந்த சைக்கிள்களின் விற்பனையும் பின்னர் நின்றுபோனது.

எல்லாவற்றிலும் அப்பட்டமானது 2004 டூரின் 18-ஆம் கட்டத்தில் நடந்தது. இத்தாலியின் ஃபிலிப்போ சிமியோனி, ஃபெர்ராரி தனக்கு இ.பி.ஓ. பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தார் என்று நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவர். ஒட்டுமொத்தப் பட்டியலில் அவர் எங்கோ பின்னால் இருந்தார், ஆம்ஸ்ட்ராங்குக்கு எந்த வகையிலும் போட்டி இல்லை. அன்று முன்னால் பிரிந்து சென்ற சிறு குழுவோடு சேர அவர் கிளம்பியதும், மஞ்சள் ஜெர்சி அணிந்தவரே துரத்திக்கொண்டு வந்து ஒட்டிக்கொண்டார். முதலிடத்தில் உள்ளவர் கூடவே வந்தால் பெருங்கூட்டம் அந்தக் குழுவைத் தப்பிக்க விடாது. குழுவில் இருந்தவர்கள் ஆம்ஸ்ட்ராங்கைத் திரும்பிப் போகுமாறு கெஞ்சினார்கள். சிமியோனி பின்வாங்கினால் நானும் போகிறேன் என்பதுதான் ஆம்ஸ்ட்ராங்கின் நிலை. மற்றவர்களின் வாய்ப்பைக் கெடுக்க வேண்டாமென்று சிமியோனி பின்வாங்கினார். கூட்டத்துக்குத் திரும்பியதும் சில வீரர்கள் சிமியோனியைத்தான் திட்டினார்கள். ஆம்ஸ்ட்ராங் தொலைக்காட்சிக் கேமரா பார்க்க, உதட்டை ஜிப் போட்டு மூடுவதுபோல் சைகை காட்டினார். உலகமே பார்த்த ஒளிபரப்பில் ஒரு சாட்சி மிரட்டப்பட்டார். அதற்காக அன்று எந்த நிர்வாகியும் அவர் மீது நடவடிக்கை எடுக்கவில்லை.

அப்படியானால் அவர் கடைசியில் எப்படி வீழ்ந்தார்?

2005 ஆகஸ்டில் பிரெஞ்சு நாளிதழான லெக்கிப், 1999-இல் சேமித்த அவருடைய மாதிரிகளைப் பின்னர் ஆய்வுக்காகச் சோதித்தபோது ஆறில் இ.பி.ஓ. இருந்ததை வெளியிட்டது. ஆய்வுக்காகச் செய்த சோதனை என்பதால் அதை வைத்துத் தண்டிக்க முடியவில்லை.

2010-இல் பழைய அணித்தோழர் ஃபிளாய்ட் லாண்டிஸ் வாய் திறந்தார். அவர் 2006 டூரை வென்று டெஸ்டோஸ்டிரோனுக்காகப் பட்டத்தை இழந்தவர். நான்கு ஆண்டுகள் மறுத்து, வழக்குச் செலவுக்கு ரசிகர்களிடம் நிதியும் திரட்டியவர். அந்த நன்கொடைகளைத் திருப்பித் தருவதாகப் பின்னர் அரசுடன் உடன்படிக்கை செய்துகொண்டார். அடுத்து இன்னொரு பழைய அணித்தோழர் டைலர் ஹாமில்டன் பேசினார். ட்ராவிஸ் டைகர்ட் தலைமையிலான அமெரிக்க ஊக்கமருந்து தடுப்பு முகமை வீரர்களை ஒவ்வொருவராகப் பிரமாணத்தின் மீது பேசவைத்தது. 2012 அக்டோபரில் வெளியான ஆவணம் ஆயிரம் பக்கங்களுக்கு மேல். சாட்சிகள் 26 பேர், அவர்களில் 11 பேர் அவருடைய முன்னாள் அணித்தோழர்கள். அவருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது, ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டன. 2013 ஜனவரியில் ஓப்ரா வின்ஃப்ரேயின் நிகழ்ச்சியில் ஒப்புக்கொண்டார். அணிக்கு விளம்பரப் பணம் கொடுத்தது அமெரிக்க அஞ்சல் துறை என்பதால் அரசும் வழக்கில் சேர்ந்தது. சுமார் 10 கோடி டாலர் கேட்ட அந்த வழக்கு 2018-இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசமாக முடிந்தது.

எல்லோரும்தானே எடுத்தார்கள்? பிறகு அவர் வென்றதில் என்ன அநியாயம்?

முன்பாதி ஏறக்குறைய உண்மை. 1999 முதல் 2005 வரை டூரில் முதல் மூன்று இடம் பிடித்த 21 பேரில் 20 பேர் ஊக்கமருந்தோடு தொடர்புடையவர்கள் என்று அமெரிக்க முகமை கணக்கிட்டது. ஆனால் எல்லோரும் எடுத்தால் போட்டி சமமாகிவிடும் என்பது தவறு.

இயல்பாகவே ஹீமட்டோகிரிட் 48 உள்ளவர் இ.பி.ஓ. போட்டு 50 என்ற எல்லைவரை ஏற இரண்டு புள்ளிதான் உண்டு. இயல்பு 41 உள்ளவருக்கு ஒன்பது புள்ளி கிடைக்கிறது. மருந்து யாருக்கு அதிகம் வேலை செய்கிறதோ அவர்தான் முன்னே வருவார், திறமை மிக்கவர் அல்ல. பணமும் அப்படித்தான். ஆம்ஸ்ட்ராங் ஃபெர்ராரிக்குக் கொடுத்த தொகை பத்து லட்சம் டாலருக்கு மேல் என்று ஆவணங்கள் காட்டுகின்றன. சாதாரண வீரரால் அந்த மருத்துவரின் வாசலைக்கூட மிதிக்க முடியாது. மேலும், "எல்லோரும்" என்ற கணக்கில் வெளியே நின்றவர்கள் வருவதில்லை. மறுத்ததால் ஒப்பந்தம் கிடைக்காமல் வீட்டுக்குப் போனவர்களின் பெயர் எந்த முடிவுப் பட்டியலிலும் கிடையாது.

பறித்த பட்டங்கள் யாருக்குப் போயின?

யாருக்கும் இல்லை. இரண்டாம் மூன்றாம் இடக்காரர்களின் நிலைமையும் அதுவே என்பதால் 1999 முதல் 2005 வரையிலான டூருக்கு வெற்றியாளர் இல்லை. லாண்டிஸ் இழந்த 2006 பட்டம் ஆஸ்கர் பெரெய்ரோவுக்கும், ஆல்பர்ட்டோ கான்டடோர் இழந்த 2010 பட்டம் ஆன்டி ஷ்லெக்குக்கும் மாறின. 1996-இல் வென்ற பியார்ன ரீஸ் 2007-இல் இ.பி.ஓ. எடுத்ததை ஒப்புக்கொண்டும், காலவரம்பு தாண்டிவிட்டதால் அவர் பெயர் பட்டியலில் நீடிக்கிறது.

மார்கோ பான்டானியின் முடிவு ஏன் இன்றும் பேசப்படுகிறது?

1998-இல் இத்தாலியின் பெரும் பந்தயமான ஜீரோ டி இத்தாலியாவையும் டூரையும் ஒரே ஆண்டில் வென்றவர் அவர். மலையில் அவர் தாக்கி ஓடும் அழகைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நானும் மறக்கவில்லை. 1999 ஜூன் 5 அன்று, ஜீரோவில் முதலிடத்தில் இருந்து முடிவுக்கு இரண்டு நாள் இருக்கையில், மடோன்னா டி கம்பிலியோவில் ஹீமட்டோகிரிட் 52 என்று வெளியேற்றப்பட்டார். அதன்பின் பழைய நிலைக்கு வரவே இல்லை. 2004 பிப்ரவரி 14 அன்று ரிமினியில் ஒரு விடுதி அறையில் கோகெய்ன் மிகையால் இறந்து கிடந்தார். வயது 34. அவர் மருந்து எடுத்தது பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. 1998 டூரின் மாதிரிகளில் இ.பி.ஓ. கண்டறியப்பட்டவர்களில் அவரும் ஒருவர் என்று பிரெஞ்சு செனட் அறிக்கை 2013-இல் வெளியிட்டது. ஆனால் ஒரு தலைமுறையே செய்த குற்றத்தின் அவமானம் முழுவதும் அந்தக் காலை ஒரு மனிதர் தலையில் இறங்கியது. அவரை வைத்துச் சம்பாதித்த யாரும் அன்று அவர் பக்கத்தில் நிற்கவில்லை.

தவறு செய்யாமலே ஒருவர் மாட்டிக்கொள்ள முடியுமா?

முடியும். உடலில் பொருள் இருந்தாலே பொறுப்பு வீரருடையது என்பதுதான் விதி. எப்படி வந்தது என்பதை விளக்கும் சுமையும் அவருடையதே. ஆல்பர்ட்டோ கான்டடோரின் 2010 டூர் மாதிரியில் தடைசெய்யப்பட்ட மருந்தான கிளென்புட்டரால் மிக நுண்ணிய அளவில் இருந்தது. மாட்டிறைச்சி வழியாக வந்தது என்றார். விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் 2012-இல் அதை ஏற்காமல் பட்டத்தைப் பறித்தது. மாறாக, 2017-இல் கிறிஸ் ஃபுரூமின் மாதிரியில் ஆஸ்துமா மருந்தான சால்புட்டமால் வரம்பைத் தாண்டியிருந்தும், விளக்கம் ஏற்கப்பட்டு 2018 ஜூலையில் வழக்கு கைவிடப்பட்டது. பெரிய சட்டக் குழுவை அமர்த்த வசதியில்லாத வீரருக்கு இதே வாய்ப்புக் கிடைத்திருக்குமா என்ற கேள்வி நியாயமானது.

மருத்துவ விலக்கு என்பது மறைமுக அனுமதியா?

தடைசெய்யப்பட்ட மருந்தை நோய்க்காக எடுத்துக்கொள்ளத் தரும் அனுமதிதான் மருத்துவ விலக்கு. உண்மையான நோயாளிக்கு அது தேவை. ஆனால் பயன்படுத்தும் விதம் சந்தேகத்துக்கு இடம் தரலாம். பிராட்லி விக்கின்ஸ் 2012 டூரை வெல்வதற்கு முன், ஒவ்வாமைக்காக டிரையாம்சினலோன் என்ற வலிமையான ஸ்டீராய்டு ஊசியை அனுமதி பெற்றே போட்டுக்கொண்டார். 2016-இல் ஹேக்கர்கள் ஆவணங்களை வெளியிட்டபோதுதான் இது தெரியவந்தது. விதி மீறப்படவில்லை. ஆனாலும் அணி நெறியின் கோட்டைத் தாண்டியது என்று பிரிட்டன் நாடாளுமன்றக் குழு 2018-இல் கூறியது. விக்கின்சும் அணியும் அதை மறுத்தார்கள்.

உயிரியல் பாஸ்போர்ட் என்ன செய்கிறது?

மருந்தைத் தேடுவதற்குப் பதில் மருந்தின் விளைவைத் தேடுகிறது. 2008-இல் யு.சி.ஐ. தொடங்கிய இந்த முறையில், ஒவ்வொரு வீரரின் ஹீமோகுளோபினும் இளம் சிவப்பணுக்களின் விகிதமும் ஆண்டுக்கணக்கில் பதிவாகின்றன. வெளியிலிருந்து ரத்தம் ஏறினால் உடல் தானாகப் புதுச் சிவப்பணு செய்வதைக் குறைத்துவிடும். எனவே ஹீமோகுளோபின் உயர்ந்து இளம் அணுக்கள் குறைந்தால் வல்லுநர்கள் காரணம் கேட்பார்கள். இதோடு, வீரர்கள் ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் தாங்கள் எங்கே இருப்போம் என்று முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். 12 மாதத்தில் மூன்று தவறினால் தடை. 2007 டூரில் மஞ்சள் ஜெர்சியில் இருந்த மைக்கேல் ராஸ்முசனை அவருடைய அணியே வெளியேற்றியது, இருப்பிடம் பற்றிப் பொய் சொன்னதற்காகத்தான்.

பாஸ்போர்ட்டையும் ஏமாற்றலாம். மிகச் சிறிய அளவுகளில் மருந்து எடுத்தால் வரைபடம் பெரிதாக அசையாது. ஆனால் 1996-இல் கிடைத்த அளவு லாபம் இப்படிக் கிடைக்காது, அதுவே பெரிய முன்னேற்றம்.

சைக்கிளுக்குள் மோட்டார் வைப்பது கட்டுக்கதையா?

இல்லை. 2016 ஜனவரியில் சோல்டரில் நடந்த, சேறும் மேடுபள்ளமுமான பாதையில் ஓட்டும் சைக்ளோகிராஸ் உலகப் போட்டியில், பெல்ஜியத்தின் ஃபெம்கே வான் டென் டிரீஷுக்காக வைத்திருந்த சைக்கிளில் மறைந்திருந்த மோட்டார் கண்டுபிடிக்கப்பட்டு, அவருக்கு ஆறு ஆண்டு தடை விதிக்கப்பட்டது. இப்போது முக்கியப் பந்தயங்களில் காந்தப்புலக் கருவியும் எக்ஸ்ரேயும் கொண்டு சோதிக்கிறார்கள்.

ஒப்புக்கொண்டவர்களை மன்னிக்கலாமா?

எப்போது, எதற்காக ஒப்புக்கொண்டார் என்பதைப் பொறுத்தது. டேவிட் மில்லர் வீட்டில் 2004-இல் பிரெஞ்சுக் காவல்துறை பயன்படுத்திய இ.பி.ஓ. ஊசிகளைக் கண்டெடுத்தது. அவர் விசாரணையில் ஒப்புக்கொண்டு, உலகச் சாம்பியன் பட்டத்தை இழந்து, இரண்டு ஆண்டுத் தடையை அனுபவித்துத் திரும்பினார். பிறகு மருந்துக்கு எதிராகப் பேசுவதையும், இளம் வீரர்களுக்கு வழிகாட்டுவதையும் தொடர்ந்து செய்தார். மாட்டிக்கொண்டபின்தான் பேசினார் என்பது உண்மை. ஆனால் பேசியதில் மறைக்கவில்லை, மற்றவரைப் பொய்யர் என்று சொல்லவில்லை. மருந்து எடுத்ததற்காக மட்டும் என்றால் ஆம்ஸ்ட்ராங்கையும் அவரையும் ஒரே தட்டில் வைக்கலாம். ஓ'ரெய்லியையும் பெட்சியையும் சிமியோனியையும் நடத்திய விதத்துக்கு மில்லரிடம் இணை எதுவும் இல்லை.

இன்றைய வெற்றியாளர்களை நம்பலாமா?

நம்பிக்கையும் சந்தேகமும் ஆளைப் பார்த்து வரக்கூடாது, ஏற்பாட்டைப் பார்த்து வரவேண்டும். முன்பு யு.சி.ஐ.யே தன் பந்தயத்தை விற்கவும் தன் வீரர்களைச் சோதிக்கவும் செய்தது. 2021 முதல் சோதனைப் பொறுப்பு சுயேச்சையான சர்வதேச சோதனை முகமையிடம் இருக்கிறது. மறுபக்கம், 2019-இல் ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகர மருத்துவர் மார்க் ஷ்மிட் நடத்திய ரத்தமேற்றும் வலைப்பின்னல் ஆஸ்திரியக் காவல்துறை விசாரணையில்தான் வெளிவந்தது. சறுக்கு வீரர் ஒருவர் பேசியதே அதன் தொடக்கம். அதில் சிக்கிய சைக்கிள் வீரர்களும் பரிசோதனையால் பிடிபடவில்லை.

ஆகவே பேசுபவரைப் பாதுகாக்க அணிகளும் சங்கமும் என்ன செய்திருக்கின்றன என்று கேட்பது, வேகத்தை வைத்துக் கணக்குப் போடுவதைவிடப் பயனுள்ள கேள்வி. எடுத்த மாதிரிகளைப் பத்து ஆண்டுகள் வரை சேமித்துவைத்துப் புதிய முறைகளால் மீண்டும் சோதிக்க விதி இடம் தருகிறது. ஆதலால் இந்த ஆண்டின் டூருக்கு எழுதப்படும் முடிவுப் பட்டியல் இன்னும் பத்து ஆண்டுகளுக்குத் திருத்தத்துக்கு உட்பட்டதுதான்.